தண்டுவட உறைக் கிழிசலில் பூசும் பசை: அப்பாவின் அறுவைசிகிச்சைக்கு முன் ஒரு கேள்வி

வைகைமகன்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 68. இடுப்புப் பகுதியில் தண்டுவடக் கால்வாய் சுருங்கிவிட்டதால், தெருமுனை வரை நடப்பதற்குள் இரண்டு கால்களும் மரத்துப்போகின்றன. எங்காவது சற்று உட்கார்ந்து எழுந்தால்தான் மேற்கொண்டு நடக்க முடிகிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு அதே இடத்தில் டிஸ்க் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர் அவர். இப்போது மீண்டும் எல்4, எல்5 (இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்பு) மட்டத்தில் எலும்பைச் செதுக்கி நரம்புகளுக்கு இடம் உண்டாக்க வேண்டும் என்று நரம்பியல் அறுவைசிகிச்சை மருத்துவர் கூறியிருக்கிறார். நாங்களும் சம்மதித்துவிட்டோம்.

பழைய அறுவைசிகிச்சையின் தழும்பு தண்டுவட உறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், அதைப் பிரிக்கும்போது உறை கிழியக்கூடும் என்றும், கிழிந்தால் தையல் போட்டு அதன்மேல் சீலன்ட் என்ற பசையைப் பூசுவார்கள் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். ஒப்புதல் படிவத்திலும் அது தனி வரியாக அச்சிடப்பட்டிருக்கிறது. அன்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து என் தங்கை இணையத்தில் தேடிப் பார்த்தபோதுதான் கலக்கம் பிடித்தது. ஒரு பக்கத்தில், இந்தப் பசை உள்ளே வீங்கித் தண்டுவடத்தை அழுத்தியதால் கைகால் பலவீனப்பட்ட நோயாளிகளைப் பற்றி இருந்தது. இன்னொரு பக்கத்தில், இது மனித ரத்தத்திலிருந்து செய்யப்படுவது என்றும் நோய்த்தொற்று வரலாம் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவையா என்பதுகூட எங்களுக்குப் புரியவில்லை.

இந்தப் பசை உடம்பிலேயே தங்கிவிடுமா? வேண்டாம் என்று நாங்கள் சொன்னால் தையல் மட்டும் போதுமா? அறுவைசிகிச்சைக்கு முன் மருத்துவரை ஒருமுறை சந்திக்க நேரம் வாங்கியிருக்கிறோம். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


நியூரோ தஞ்சை:

வணக்கம். நான் முதுகுத்தண்டு அறுவைசிகிச்சை செய்யும் மருத்துவன். உங்கள் அப்பாவின் ஸ்கேனைப் பார்க்காமல் அவருக்கு எது ஏற்றது என்று என்னால் கூற முடியாது. பசையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை படித்தவை இரண்டு வெவ்வேறு பொருள்களைப் பற்றியவை. தண்டுவடத்தையும் நரம்புகளையும் மூடியிருக்கும் டியூரா என்ற உறைக்குள்ளே மூளைத் தண்டுவட நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியவர் ஒருவரின் உடம்பில் எந்நேரமும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கும். ஆகவே உறையில் ஒரு துளை இருந்தால் அதன் வழியே நீர் கசிந்துகொண்டே இருக்கும். தையல் ஊசி நுழைந்த ஓட்டை வழியாகக்கூட அது கசியும் என்பதால்தான் தையலின் மேல் பூசப் பசை தேடினார்கள்.

முதலில் கிழிசலைப் பற்றிய அச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஸ்போர்ட் என்ற பெரிய ஆய்வில், தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கத்துக்காக முதன்முறை அறுவைசிகிச்சை செய்துகொண்ட 409 பேரில் 9 சதவீதத்தினருக்கு உறை கிழிந்தது. அவர்களுக்கு அறுவைசிகிச்சை நேரமும் மருத்துவமனையில் தங்கிய நாட்களும் கூடின. ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வலியிலும் நடமாட்டத்திலும் கிழிசல் ஏற்படாதவர்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. உங்கள் அப்பாவுக்கு இது இரண்டாம் முறை என்பதால் வாய்ப்பு அதைவிடக் கூடுதலே. உங்கள் மருத்துவர் அதை மறைக்காமல் முன்கூட்டியே சொன்னது நல்லது.

இப்போது பசைகள். வீங்குவதாக நீங்கள் படித்தது ஹைட்ரோஜெல் வகை. பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற செயற்கைப் பொருளும் டிரைலைசின் என்ற இன்னொரு பொருளும் தனித்தனி ஊசிக்குழலில் இருக்கும். நுனியில் இரண்டும் கலந்து உறையின்மேல் பட்ட சில நொடிகளில் கூழ்போல இறுகிவிடும். எவ்வளவு தடிமனாகப் பூசுகிறோம் என்று கண்ணுக்குத் தெரிவதற்காக நீல நிறம் சேர்த்திருப்பார்கள். டியூராசீல் என்ற பெயரில் வந்த இதை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மூளை அறுவைசிகிச்சைக்கு 2005-லும், வீக்கம் குறைந்த மற்றொரு வடிவத்தை முதுகுத்தண்டுக்கு 2009-லும் அனுமதித்தது. இந்த இரண்டு அனுமதிகளும் தனித்தனியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் கூழ் நீரை உறிஞ்சும். மூளைக்கான முதல் வடிவம் எந்தப் பக்கமும் 50 சதவீதம் வரை உப்பலாம் என்று தயாரித்த நிறுவனமே குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது. மண்டையோட்டின் அடியில் அது பொறுத்துக்கொள்ளத் தக்கதாக இருக்கலாம்; சுற்றிலும் எலும்பு சூழ்ந்த குறுகிய கால்வாயில் உப்பினால், ஒதுங்க வேறு இடமில்லாமல் நரம்பைத்தான் அழுத்தும். 2007 முதல் மருத்துவ இதழ்களில் வெளியான சில தனி நோயாளிகளின் விவரங்கள் இப்படிப்பட்டவை. கழுத்துப் பகுதியிலும் பின்மூளைக்குக் கீழேயும் நேர்ந்தவை அவற்றில் உண்டு. எலும்பு மூடிய இடத்தில் நரம்பு இருக்குமானால் இதைப் பூசக்கூடாது என்ற எச்சரிக்கை குறிப்பேட்டிலேயே இருக்கிறது.

எனவே, பசை பாதுகாப்பானதா என்று கேட்டால் நான் தரும் பதில், எந்த வடிவத்தை, எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர் தடிமனில் பூசினார்கள் என்பதைப் பொறுத்தது என்பதுதான். ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் படலம் போதும். கசிவுக்குப் பயந்து குழியை நிரப்பும் அளவுக்கு ஊற்றுவதுதான் ஆபத்து. நான் பயிற்சி பெற்ற காலத்தில் மேலும் கொஞ்சம் விடுங்கள் என்று கைநீட்டிக் கேட்ட உதவி மருத்துவர்களை மூத்தவர்கள் கடுமையாகத் தடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தடுத்தது சரி.

இதன் பயனைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதுகுத்தண்டு ஹைட்ரோஜெலுக்காக நடந்த ஒப்பீட்டு ஆய்வில் 158 நோயாளிகள் இருந்தார்கள். மேசையில் நோயாளி படுத்திருக்கும்போதே மயக்கமருந்து மருத்துவர் நுரையீரல் அழுத்தத்தை உயர்த்தி (அப்போது தண்டுவட நீரின் அழுத்தமும் கூடும்) சோதிக்கையில், பசை பூசியவர்கள் அனைவருக்கும் கசிவு நின்றிருந்தது. வழக்கமான முறையில் மட்டும் மூடியவர்களில் சுமார் 64 சதவீதத்தினருக்கே நின்றது. ஆனால் அதற்குப் பின் வந்த நாட்களில் நீர்க்கசிவிலும் காயம் ஆறுவதிலும் தொற்றிலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பசை தீங்கு கூட்டவில்லை என்பது ஆறுதல். தையலுக்கு அது மாற்று என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. நுண்ணோக்கியின் கீழ் 5-0 அல்லது 6-0 என்ற மிக மெல்லிய நூலால் இடைவெளியில்லாமல் தைப்பதே அடிப்படை. எட்டாத மூலையில் கிழிந்திருந்தாலோ, தைத்தபின்னும் அழுத்தச் சோதனையில் துளி ஊறினாலோ பசை கைகொடுக்கும்.

ரத்தத்திலிருந்து செய்வது ஃபைப்ரின் பசை. பலரின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த ஃபைப்ரினோஜன், த்ராம்பின் என்ற புரதங்கள் சேர்ந்து, காயத்தில் ரத்தம் உறைவதைப்போலவே உறையும். தொற்று பற்றிய அச்சம் வெறும் வதந்தியன்று. ஃபைப்ரினோஜன் தயாரிப்புகளால் மஞ்சள்காமாலை பரவுகிறது என்பதால் 1978-ல் அமெரிக்கா அவற்றின் உரிமத்தையே ரத்து செய்தது. அதன்பின் 1998-ல்தான் அங்கே ஃபைப்ரின் பசை ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் கொடையாளர் பரிசோதனையும், கரைப்பானாலும் வெப்பத்தாலும் வைரஸை அழிக்கும் முறைகளும் வந்துவிட்டன. ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றை இந்த முறைகள் நன்றாகவே தடுக்கின்றன. பார்வோவைரஸ் பி19 போலத் தன்னைச் சுற்றிக் கொழுப்பு உறை இல்லாத வைரஸ்களிடம் அவற்றின் பலன் குறைவு. ஆபத்து மிகச் சிறியது. ஆனால் பூஜ்யம் என்று எந்த நிறுவனமும் எழுதித் தருவதில்லை.

இந்த வகையில் நான் தொற்றைவிட அதிகம் கவனிப்பது உடன் சேர்க்கும் பொருள்களை. ஐரோப்பாவில் விற்பனையில் இருந்த க்விக்ஸில் என்ற பசையில் ட்ரானெக்சாமிக் அமிலம் இருந்தது. ரத்தப்போக்கை நிறுத்தும் நல்ல மருந்துதான் அது. ஆனால் மூளைத் தண்டுவட நீரில் கலந்தால் வலிப்பை உண்டாக்கி உயிரையே பறிக்கும். அதனால் டியூராவின் அருகில் அதைப் பயன்படுத்தவே கூடாது என்று தடை இருந்தது. பிறகு வந்த எவிசெல் என்ற வடிவத்தில் அந்த அமிலத்தை நீக்கிவிட்டார்கள். அதேபோல மாட்டு ஆல்புமினையும் குளூட்டரால்டிஹைடையும் கலந்து, பெருந்தமனிக்கென்று வந்த பயோகுளூ என்ற பசை மிக உறுதியாக ஒட்டும்; ஆனால் குளூட்டரால்டிஹைடு நரம்புத் திசுவைக் கெடுக்கக்கூடியது என்பதால் தண்டுவடத்தருகே நான் அதைத் தொடுவதில்லை.

உடம்பில் தங்குமா என்று கேட்டிருந்தீர்கள். ஃபைப்ரின் இரண்டு வாரங்களுக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். ஹைட்ரோஜெல் சில வாரங்கள் முதல் ஏறத்தாழ மூன்று மாதங்கள் வரை இருந்து, நீரில் கரைந்து சிறுநீரகம் வழியே வெளியேறும்.


பழைய தியேட்டர் சிஸ்டர்:

தம்பி, டாக்டர் எழுதியதோடு தியேட்டருக்குள் நடப்பதையும் தெரிந்துகொண்டால் உங்களுக்குக் கேள்வி கேட்க எளிதாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன். நான் நீண்ட காலம் நரம்பியல் தியேட்டரில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள்.

இந்தப் பசைகளை முன்கூட்டியே பிரித்துத் தயாராக வைத்திருக்க மாட்டார்கள். தேவைப்படும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பெட்டியைத் திறப்போம். உறைநிலையில் வரும் ஃபைப்ரின் பசையை வெதுவெதுப்பாக, உடல் வெப்பத்துக்கு மேல் போகாமல் உருக்க வேண்டும். அவசரத்துக்கு வெந்நீரில் போட்டால் புரதம் கெட்டுவிடும். ஹைட்ரோஜெல்லில் பொடியைக் கரைத்த பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிட வேண்டும். பூசும் இடம் உலர்ந்திருக்க வேண்டும். நீர் ஊறிக்கொண்டிருக்கும்போதே அடித்தால் பசை உறையில் பிடிக்காமல் மேலே மிதந்து, பிறகு கட்டியாக நழுவிவிடும். இவ்வளவையும் ஒரு சில நிமிடங்களில் செய்ய வேண்டியிருப்பதால், பழகிய குழு இருப்பது பசையின் பெயரைவிட முக்கியம் என்பது என் கருத்து.

ஃபைப்ரின் பசையைக் காற்றழுத்தக் கருவியால் தெளிக்கும் முறையும் உண்டு. அழுத்தத்தைக் கூட்டி, மிக அருகில் வைத்து அடித்தால் ரத்தக்குழாய்க்குள் காற்று புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று எஃப்டிஏ எச்சரித்திருக்கிறது. எங்கள் தியேட்டரில் முதுகுத்தண்டுக்குத் தெளிப்பானைப் பயன்படுத்தியதே இல்லை. ஊசிக்குழலின் நுனியால் சொட்டுச்சொட்டாக விடுவதே வழக்கம்.

இன்னொன்றை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் பொருளின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவோம். பசை பூசியிருந்தால் அந்த விவரத்தை டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னாளில் ஒரு தொகுதியைப் பற்றிப் புகார் வந்தால், யாருக்கு அது போனது என்று கண்டுபிடிக்க அந்த எண் ஒன்றுதான் வழி. நம் நாட்டில் மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்பைப் பதிவு செய்ய 2015-லிருந்து மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் நடக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத் தரநூல் ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. என்ன பூசினார்கள் என்றே தெரியாவிட்டால் அங்கே எதைப் பதிவு செய்வது?

அப்பாவுக்கு ஏதாவது மருந்து, ஊசி, உணவு ஒத்துக்கொள்ளாமல் போனது உண்டா? சிறியது என்று நீங்கள் நினைத்து விட்டுவிட்டதாக இருந்தாலும் யோசித்துப் பாருங்கள்.


வைகைமகன்:

டாக்டருக்கும் சிஸ்டர் அம்மாவுக்கும் மிக்க நன்றி. நீங்கள் கேட்ட பிறகு என் அம்மாவிடம் விசாரித்தேன். சென்ற ஆண்டு அப்பாவுக்குக் கொலோனாஸ்கோபி என்ற பெருங்குடல் சோதனை செய்வதற்கு முந்தைய இரவு, தண்ணீரில் கலந்து குடிக்க ஒரு பேதிப் பொடி கொடுத்திருந்தார்கள். இரண்டு டம்ளர் குடித்ததுமே மார்பிலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பி, உதடு வீங்கிவிட்டதாம். ஊசி போட்ட பின் அடங்கியிருக்கிறது. வெறும் பேதி மருந்துதானே என்று யாரும் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. இப்போதைய மருத்துவமனையில் ஒவ்வாமை உண்டா என்று கேட்டபோது, இல்லை என்றே நாங்கள் நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். இதற்கும் பசைக்கும் தொடர்பு இருக்குமா?


நியூரோ தஞ்சை:

இருக்கலாம், இதை அலட்சியப்படுத்தாதீர்கள். சிஸ்டர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

கொலோனாஸ்கோபிக்கு முன் கொடுக்கும் பொடிகளில் பெரும்பாலானவற்றின் முதன்மைப் பொருள் பாலிஎத்திலீன் கிளைக்கால்தான். மேலே நான் எழுதிய ஹைட்ரோஜெல்லும் அதே குடும்பத்துப் பொருளால் ஆனது. இந்தப் பொருளுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. ஆனால் உள்ளவர்களுக்கு அது கடுமையாக வரக்கூடும். மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் உடம்பைத் துணி மூடியிருக்கும் என்பதால் தடிப்பு கண்ணில் படாமல், ரத்த அழுத்தம் சரிந்த பின்னரே தெரியவரலாம். அந்தப் பொடியில் வேறு உப்புகளும் சுவையூட்டிகளும் இருந்திருக்கும். ஆகவே பாலிஎத்திலீன் கிளைக்கால்தான் காரணம் என்று இப்போதே முடிவு கட்டவும் முடியாது. பொடியின் பெயரைக் கண்டுபிடியுங்கள். பழைய மருந்துச் சீட்டோ கடை ரசீதோ இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். மயக்கமருந்து மருத்துவரிடமும் அறுவைசிகிச்சை மருத்துவரிடமும் நேரில் சொல்லி, படிவத்தைத் திருத்தச் சொல்லுங்கள். திட்டமிட்ட அறுவைசிகிச்சை என்பதால் ஒவ்வாமை நிபுணரிடம் காட்டித் தோல் பரிசோதனை செய்துகொள்ளவும் அவகாசம் உண்டு. சில ஊசிமருந்துகளிலும் இதே பொருள் துணைப்பொருளாகச் சேர்வதால், பசையை விட்டாலும்கூட இந்த விவரம் அவர்களுக்குத் தேவை.

ஒவ்வாமை உறுதியானால் ஹைட்ரோஜெல்லைத் தவிர்த்துவிட்டு, தையலோடு நிறுத்தலாம். தோல் வெட்டிய இடத்திலிருந்தே சிறிது கொழுப்பையோ தசைத் துண்டையோ எடுத்துத் தையலின்மேல் வைக்கலாம். அதற்கு ஒவ்வாமையும் இல்லை, பிறர் ரத்தத்திலிருந்து வரும் தொற்றும் இல்லை. ஃபைப்ரின் பசை வேண்டுமென்றால் அதில் பசை சீக்கிரம் கரையாமல் தடுக்கும் அப்ரோட்டினின் என்ற புரதம் சேர்ந்திருக்கிறதா, முன்பு ஏதேனும் அறுவைசிகிச்சையில் அது உடம்பில் பட்டிருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். மறுமுறை படும்போது அதுவும் ஒவ்வாமையைத் தூண்டலாம்.

பசை வேண்டாம் என்று சொல்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நோயாளிக்கு அந்த உரிமை உண்டு. ஆனாலும் முழுவதுமாகத் தடை போடாமல், இன்ன பொருள் கூடாது, மற்றதை உங்கள் தீர்மானத்துக்கு விடுகிறோம் என்று சொல்வதே நல்லது என்று கருதுகிறேன். நரம்பு வேரின் பக்கம் முன்புறமாகக் கிழிந்துவிட்டால் ஊசி நுழையவே இடம் இருக்காது. அந்த நிலையில் மருத்துவரின் கையைக் கட்டிவிடுவது உங்கள் அப்பாவுக்கு நன்மை தராது.


படுத்தே வாசிப்பவன்:

வைகைமகன் அவர்களுக்கு, நோயாளியாக இருந்தவன் என்ற முறையில் ஒரு சொல். எனக்கும் இடுப்பில் அறுவைசிகிச்சையின்போது உறை கிழிந்து, தைத்துப் பசை பூசினார்கள். முதலில் தட்டையாகப் படுக்க வைத்தார்கள். உட்கார அனுமதித்த அன்று, தலையைத் தூக்கியதும் பிடரியிலிருந்து நெற்றி வரை இடிப்பதுபோல் வலித்தது. படுத்தால் சில நிமிடங்களில் அடங்கியது. உட்கார்ந்தால் வலி, படுத்தால் இல்லை என்பதை அப்படியே மருத்துவரிடம் சொன்னேன். அது கசிவின் அடையாளம் என்றார். மேலும் சில நாட்கள் படுத்திருந்தேன், தானாகவே நின்றுவிட்டது.

பிறகு வேறு ஒரு மருத்துவமனையில் எடுத்த எம்ஆர்ஐயில், அறுவைசிகிச்சை நடந்த இடத்தில் நீர்ப்பை தேங்கியிருப்பதாக அறிக்கை வந்தது. மீண்டும் திறக்க வேண்டியிருக்குமோ என்று வீட்டில் எல்லாரும் கலங்கிவிட்டோம். என் மருத்துவர் படங்களைப் பார்த்துவிட்டு, ஹைட்ரோஜெல் பெரும்பகுதி நீரே என்பதால் எம்ஆர்ஐயில் அதுவும் தண்டுவட நீரைப்போல வெண்மையாகத்தான் தெரியும் என்றும், பசை பூசிய விவரம் ஸ்கேன் எடுத்தவர்களுக்குத் தெரியாததால் அப்படி எழுதிவிட்டார்கள் என்றும் விளக்கினார். சில மாதங்கள் கழித்து எடுத்த படத்தில் அது இல்லை. ஆகவே, டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கச் சொன்ன சிஸ்டர் அம்மாவின் பேச்சை நானும் வழிமொழிகிறேன்.


நியூரோ தஞ்சை:

மேலே நண்பர் சொன்ன தலைவலி சிலருக்கு வரும், சொல்லிவிட்டால் பார்த்துக்கொள்ளலாம். காயத்திலிருந்து தெளிந்த நீர் வடிந்து கட்டு நனைந்தாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும் அன்றே தெரிவிக்க வேண்டும். ஆனால் கால் முன்பைவிடப் பலவீனமானாலோ, தொடை இடுக்கும் மலவாய்ப் பகுதியும் மரத்துப்போனாலோ, சிறுநீர் வரவில்லை என்றாலோ விடியும் வரை காத்திருக்கக் கூடாது. பசை உப்பினாலும் ரத்தம் தேங்கினாலும் நரம்பு அழுத்தம் இப்படித்தான் தெரியும். உடனே எம்ஆர்ஐ எடுத்து, தேவையென்றால் திறந்து அழுத்தத்தை நீக்கினால் நரம்பு மீள வாய்ப்பு அதிகம். இரவில் துணைக்குத் தங்குபவர் யாரோ, அவருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.


வைகைமகன்:

இன்று மருத்துவரைச் சந்தித்தோம். பேதிப் பொடியின் பெயர் எழுதிய பழைய சீட்டு அம்மாவின் கைப்பையில் இருந்தது. எடுத்துச் சென்று காட்டினோம். அதில் பாலிஎத்திலீன் கிளைக்கால் இருப்பதை மயக்கமருந்து மருத்துவர் உறுதி செய்து, ஒவ்வாமைப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். முடிவு வரும் வரை அறுவைசிகிச்சையைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். தாம் வழக்கமாக வைத்திருப்பது ஹைட்ரோஜெல்தான் என்றும், அப்பாவுக்கு அதைத் தவிர்த்துத் தையலும் கொழுப்புத் துண்டும் வைப்பதாகவும், அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் அப்ரோட்டினின் இல்லாத ஃபைப்ரின் பசை என்றும் அறுவைசிகிச்சை மருத்துவர் சொன்னார். படிவத்தில் அந்த வரியை அடித்து, இந்த விவரத்தை அவர் கைப்படவே எழுதினார். பூசும் பொருளின் தொகுதி எண்ணைச் சம்மரியில் சேர்க்கவும் ஒப்புக்கொண்டார். அப்பாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். பரிசோதனை எப்போது என்று மட்டும் கேட்டார்.